ஒப்பீட்டுக்கு எடுத்த மண்

வேலைக்குப் போன இடத்தில் எனக்குக் கழிப்பறையைத் திறந்துவிட்டவர்களை நான் மறப்பதே இல்லை. காலை ஏழு மணிக்குக் காலி மனையில் இறங்கி மாலை வரை குழி போட்டு மண் எடுக்கும் வேலைக்கு ஒரு பெண்ணை அனுப்புகிற அலுவலகம், அவள் எங்கே போவாள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கூட வரும் ஆண்களுக்கு ஒரு வேலிக்காத்தான் புதர் போதும். நான் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டு, மதியத்துக்குள் தலைவலி வந்து, எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருப்பேன்.

மண்ணூருக்கு உள்ளே அந்த மனையில் வேலை நடந்த மூன்று நாளும் எனக்கு அந்தக் கவலை இல்லை. பக்கத்து வீட்டு அக்கா முதல் நாளே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "இன்னாம்மா நெளிஞ்சிகினு நிக்கற? வூட்ல ஆம்பளைங்க யாரும் இல்ல, வந்துட்டுப் போ" என்றார். போய்விட்டு வந்தால் ஒரு சொம்பு மோர். எனக்கு அந்த வீட்டைப் பிடித்துப்போனது. பின்னால் சின்னத் தோட்டம், பாத்தி பாத்தியாகக் கீரை. காலையில் அறுத்துக் கட்டுக் கட்டி, வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த எங்களைப் போன்றவர்கள் தங்கியிருக்கும் விடுதிகளின் மெஸ்களுக்குக் கொடுப்பார். என் விடுதி மெஸ்ஸுக்கும் அவர் கீரைதான் வருகிறது என்பது பேச்சுவாக்கில் தெரிந்தபோது இருவரும் சிரித்தோம்.

அந்த மனையில் முன்பு உலோகத்துக்கு முலாம் பூசும் பட்டறை இருந்தது. முதலாளி மூடிவிட்டுப் போய்விட்டார். அங்கே கிடங்கு கட்ட நினைத்தவர்கள், அடியில் என்ன கிடக்கிறது என்று பார்த்துச் சொல்ல எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். இந்த வேலைக்கென்று தடிமனான கையேடு ஒன்று உண்டு. எத்தனை அடியில் மண் எடுக்க வேண்டும், பாட்டிலை எப்படிக் கழுவ வேண்டும், கையுறையை எப்போது மாற்ற வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். நான் வேதியியல் படித்துவிட்டுக் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவள். அந்தக் கையேட்டை வேதம் மாதிரி வைத்திருந்தேன். அதில் ஒரு பக்கம் ஒப்பீட்டு மாதிரியைப் பற்றியது. ஒவ்வொரு ஊர் மண்ணுக்கும் இயற்கையாகவே ஒரு குணம் இருக்கும். ஆகவே மனைக்கு வெளியே, தொழிற்சாலையின் கை படாத இடத்திலிருந்து ஒரு மண் எடுக்க வேண்டும். அதைவிட மனை மண்ணில் அதிகம் இருந்தால் அது கழிவு. இரண்டும் ஒன்றாக இருந்தால் அது ஊரின் இயல்பு. மொத்த ரிப்போர்ட்டும் அந்த ஒரு மண்ணை நம்பித்தான் நிற்கும்.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் அந்த ஒரு மண்தான் பாக்கி. வரைபடத்தில் குறித்திருந்த இடம் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம். வேனை டீசலுக்கு அனுப்பியிருந்தார்கள். நான் மோர் குடித்துக்கொண்டே கீரைப் பாத்தியைப் பார்த்தேன். பச்சைப் பசேலென்று இருந்தது. இங்கேயே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானேதான்.

கையால் திருகி இறக்கும் துளைக்கருவியை இறக்கினேன். ஒன்றரை அடியில் செங்கல் துண்டு வந்தது, பிறகு ஒரு சாக்குக் கிழிசல். அதற்குக் கீழே, பழுக்கத் தொடங்கிய எலுமிச்சையின் நிறத்தில் மெல்லிய கோடு. செங்கல்லும் சாக்கும் வந்தால் அது கொட்டி நிரப்பிய மண் என்று முதல் வருடப் பயிற்சியாளருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. நோட்டில் "செம்மண்" என்று மட்டும் எழுதி மூடினேன்.

அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பட்டறை எடம் அந்தாண்ட கீது. எங்க வூட்டு மண்ண எதுக்கு எட்க்கற?"

"இந்த ஏரியாவுலயே சுத்தமான மண்ணு உங்க தோட்டத்து மண்ணுதான்க்கா. அதான்" என்றேன்.

அப்படி இருந்தாக வேண்டும் என்பது கையேடு போட்ட நிபந்தனை. அதைச் சோதித்துப் பார்த்த முடிவு மாதிரி சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

மூன்று வாரத்தில் லேபிலிருந்து எண்கள் வந்தன. மனை மண்ணில் குரோமியம், முலாம் பட்டறைகள் விட்டுப்போகும் அந்த மஞ்சள் நஞ்சு, அட்டவணையில் இருந்த வரம்பைத் தாண்டி எங்கேயோ இருந்தது. தோட்டத்து மண்ணிலும் ஏறக்குறைய அதே எண். மேலாளரிடம் போய், ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இன்னொரு மண் எடுக்கலாமா என்று கேட்டேன். அவர் இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு? இந்த ஊர் மண்ணே அப்படித்தான் போல" என்றார். அவரிடம் செங்கல்லைப் பற்றி நான் சொல்லவில்லை. சொன்னால் ஏன் அங்கே எடுத்தாய் என்று கேட்பார். "மனையில் காணப்படும் அளவு இப்பகுதி மண்ணின் இயல்பான அளவை ஒத்தது" என்ற வரியை நான்தான் தட்டச்சு செய்தேன்.

அந்தப் புதன்கிழமை மெஸ்ஸில் வழக்கமான கீரைக் கடைசல். கரண்டியை எடுத்தேன், சாப்பிட முடியவில்லை. தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினேன். என் அறைத்தோழி திருச்செந்தூர்க்காரி, போன் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்பவள்.

"ஏட்டி, கீரைய ஏன் ஒதுக்குத?"

"பிடிக்கல."

"போன வாரம் வரைக்கும் பிடிச்சிது" என்று சொல்லி, என் பங்கையும் வழித்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு புதன்கிழமை என்றாலே எனக்குப் பயம். ஒவ்வொரு புதனும் அவள் என் பங்கைச் சாப்பிட்டாள். நான் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் தட்டுகளை எண்ணுவேன். குளிக்கும்போது நகக்கண்ணில் அந்த எலுமிச்சை நிறம் தெரிகிற மாதிரி இருக்கும். தேய்த்துத் தேய்த்து விரல் சிவந்துவிடும். அங்கே ஒன்றும் இருக்காது. ஒரே ஒரு மண்ணை வைத்து எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். படித்தவளுக்குச் சாக்கு சொல்லவா தெரியாது? ஆனால் அந்த நிச்சயமில்லாத விஷயத்துக்காக நான் மட்டும் கீரையைத் தொடுவதை நிறுத்தியிருந்தேன்.

இப்படி எட்டு மாதம்.

ஒரு காலை மெஸ் வாசலில் அக்கா கீரைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"இன்னாம்மா, கண்டுக்காத போற? எனக்குப் பேரன் பொறந்துகிறான், மூணு மாசம் ஆவுது."

சந்தோஷம் என்றேன்.

"நீதான் எங்க மண்ணு சுத்தம்னு சொன்ன. பொண்ணு அப்ப மூணு மாசம் முழுவாம இருந்துச்சு. கண்ட கடைல கீரை வாங்கித் துன்னாதடின்னு சொல்லி, நம்ம தோட்டத்து மண்ணையே ரெண்டு மூட்டை கட்டி சேரப்பணஞ்சேரில அவ வூட்டுக்கு எட்த்துக்கினு போய் மாடில தொட்டி வெச்சுக் குட்த்தேன். டெய்லி கீரைதான். கொழந்தை மூணு கிலோ" என்றார்.

அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். அன்று வேலைக்குப் போகவில்லை. மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன்.

முதலில் ஒன்று கேட்டேன், தோட்டத்தை எப்போது நிரப்பினீர்கள் என்று. அவர் சாதாரணமாகச் சொன்னார். "ரோட்ட உசத்திட்டானுங்க, மழைத் தண்ணி பூரா வூட்டுக்குள்ள வந்துச்சு. அந்தப் பட்டறைக்காரன் பள்ளம் தோண்டிகினு இருந்தான். எங்க வூட்டுக்காரு கேட்டதுக்கு ரெண்டு லோடு சும்மா குட்த்தான். மேல நல்ல மண்ணு போட்டுக்கினோம்."

அப்புறம் நான் சொன்னேன். பட்டறைக் கழிவு இந்த மண்ணுக்குள் இருக்கிறது, கீரையை இனி அறுக்க வேண்டாம், விற்க வேண்டாம், சேரப்பணஞ்சேரித் தொட்டிகளில் இருப்பதையும் இன்றே நிறுத்த வேண்டும், குழந்தையையும் தாயையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். அவர் என்னை நிறுத்தாமல் கேட்டார். நடுவில் ஒரு முறை மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் செங்கல்லையும் சாக்கையும் ஒப்புக்கொண்டேன். ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கினார்கள். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் மண் எடுத்தோம், அதில் குரோமியம் மிகக் குறைவு. தோட்டத்தையும் மனையையும் தோண்டி, அந்த மண்ணைத் தார்ப்பாய் போர்த்திய லாரிகளில் கொண்டுபோய், வேறு மண் கொட்டினார்கள். குழந்தைக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். நான் கையேட்டில் எவ்வளவோ தேடினேன். இப்போதைக்கு என்றால் எதுவரைக்கும் என்று அதில் இல்லை.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது அந்தக் காலையில் நான் சொன்ன வேறொன்று. எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு அக்கா பாத்தியின் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

"இது உனக்கு எப்ப தெரியும்?"

எட்டு மாதம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பத்து நாளாதான்க்கா. இப்பதான் ரிசல்ட்டு வந்துச்சு."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். உடனே மகளுக்குப் போன் போட்டார். தொட்டியில் இருப்பதைப் பிடுங்கிப் போடச் சொன்னார், ஏன் என்று சொன்னார். அந்தப் பக்கம் மகள் அழுவது எனக்கும் கேட்டது.

"அழாத. அந்தப் பொண்ணு பத்து நாள்லயே ஓடியாந்து சொல்லிச்சுடி. வேற யாரா இருந்தா இதுக்கெல்லாம் வாயத் தொறப்பாங்களா? தோ, பக்கத்துலதான் கீது, பேசு" என்று போனை என்னிடம் நீட்டினார்.

வாங்கிக் காதில் வைத்தேன். பின்னால் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது.

"ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்றாள் அந்தப் பெண்.

"பரவால்லம்மா" என்றேன்.