தறியா, மடிப்பா?

போன ஆடித்தபசு முடிந்த மறுவாரம். சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டில் நடந்தது.

நான் ஓட்டிக்கொண்டிருந்த தறிகளை முதலாளி விற்றுவிட்டார். வேலை போனது. வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அந்த ஒரு வருமானம் பத்தாது.

கம்பெனிகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் அண்ணாச்சி ஒருத்தர் உண்டு. வருவார், வீட்டுக்காரரிடம் பேசுவார், போவார். ஏற்கெனவே ஒரு தடவை அப்படித்தான் என்னைத் துணி மடிக்கும் வேலைக்கு அனுப்பினார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை, நல்லது என்று வீட்டுக்காரர் நினைத்தார். எனக்கு ஒட்டவில்லை. வந்துவிட்டேன்.

இந்தத் தடவை அண்ணாச்சி போனோடு வந்தார். ராஜபாளையம் பக்கம் ஒரு துணிக் கம்பெனி, தறிக்கும் மடிப்புக்கும் ஆள் எடுக்கிறார்கள். ஏஐ கூப்பிட்டுக் கேள்வி கேட்குமாம்.

மணி அடித்தது. வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் போட்டார். மாமியாரும் பக்கத்து வீட்டு அக்காளும் வந்து நின்றார்கள்.

"வணக்கம். நான் மனுஷி இல்ல, ஏஐ குரல். உங்களுக்கு எந்த வேலை வேணும்?"

"மடிப்பு போதும்" என்றார் வீட்டுக்காரர்.

"ராத்திரி ஷிப்டு ஆகாது" என்றார் மாமியார்.

"சம்பளம் எம்புட்டுன்னு கேளுங்க" என்றாள் அக்காள்.

"நிறைய குரல் கேக்குது. வேலைக்கு வர்றவங்க மட்டும் பேசுங்க."

"நான் அவ வீட்டுக்காரர்தான் பேசுதேன்."

"சரிங்க. ஆனா பதில் அவங்கதான் சொல்லணும்."

"என்ன அண்ணாச்சி, எங்க வீட்டுல வந்து என்னையே அதட்டுது?"

"ஏலே, நம்ம பேச்ச கேக்காதது வீட்டுல இருக்கது பத்தாதுன்னு போன்லயும் ஒண்ணு வந்துட்டா?" என்றார் மாமியார். அக்காள் சிரித்துவிட்டாள்.

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. "வெளிய வாரும்வே. இப்படியே பேசுனா அது போன வச்சிரும். வச்சா வேலை போச்சு." எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

நானும் போனும்தான். மறுபடி கேட்டது. தறியா, மடிப்பா, எது வேணும்?

சாத்தின கதவையே பார்த்தேன். அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை.

"மெதுவா சொல்லுங்க. காத்திருக்கேன்."

காத்திருந்தது.

"தறி" என்றேன்.

"பகலா, ராத்திரியா?"

"பகல். ராத்திரி பிள்ளை என்னைக் கட்டிக்கிட்டுத்தான் தூங்கும்."

அப்புறம் தறியைப் பற்றிக் கேட்டது. சொன்னேன். நம்ம ஊர்ப் பேச்சு ஒன்று அதற்குப் புரியவில்லை. மறுபடி கேட்டது, சலிக்கவில்லை. எனக்கே ஆச்சரியம், நிறையப் பேசிவிட்டேன். வேலை கொடுக்கப்போவது அது இல்லையாம், நான் பேசியதைக் கம்பெனி ஆள் கேட்பார் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தது.

கதவைத் திறந்தேன். தறி கேட்டதாகச் சொன்னேன். அண்ணாச்சி கேட்டார்.

"தறியாம்மா கேட்ட? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே?"

"நீங்க கேக்கலையே அண்ணாச்சி."

அவர் தலையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். நான் பேசியது முழுவதையும் கேட்டாராம். வந்து தறி ஓட்டிக் காட்டச் சொன்னார். வீட்டுக்காரரே லோடு ஆட்டோவில் கொண்டுபோய் விட்டார். ஓட்டினேன். தறி வேலை, பகல் ஷிப்டு, கிடைத்துவிட்டது.

அண்ணாச்சிக்கு இப்போது அலைச்சல் குறைவு. கேள்வியைப் போன் கேட்டுக்கொள்கிறது, ஆளைக் கூட்டிப்போய் விடுவது அவர். அடுத்த தெருவில் ஒரு வீட்டில் அண்ணாச்சி ஒரு பெண்ணிடம் எந்த வேலை வேண்டும் என்று கேட்க, புருசன்காரன் குறுக்கே வாயைத் திறந்தானாம். "உம்மகிட்ட கேக்கலவே, தங்கச்சிகிட்ட கேக்குதேன்" என்றாராம். போனே இல்லாமல் கேட்டிருக்கிறார்.

எத்தனையோ பேர் எனக்கு நல்லது நினைத்து முடிவு செய்திருக்கிறார்கள். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, நான் வாய் திறக்கும்வரை பொறுத்திருந்தது அந்தக் குரல் ஒன்றுதான்.