நாமினி இல்லாமல் ஏணி இல்லை

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு என் வீட்டு மாடியில் ஷீட் மாட்டிக்கொண்டிருக்க வேண்டிய நான்கு பேர், என் வீட்டு வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அது இரண்டாவது டீ.

ஏணி தயாராகச் சுவரில் சாய்ந்திருந்தது. புது ஷீட்டுகள் வேனிலிருந்து இறங்கியாயிற்று. பழைய கூரையில் பாதியைப் போன மாதத்துக் காற்றே கழற்றிப் பக்கத்து வீட்டுக் கொல்லையில் போட்டுவிட்டது. மீதிப் பாதி, ‘நானும் போகட்டுமா?’ என்று தடதடத்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து மழை என்று டி.வி.யில் சொல்லிவிட்டார்கள்.

பிறகு ஏன் யாரும் ஏறவில்லை? பயமா? கூலித் தகராறா? அதெல்லாம் இல்லை. ஒரு ஃபாரத்தில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது... அவ்வளவுதான்.

என் கணவர் ரிட்டயர் ஆனதும் பொன்னேரியை விட்டு லைட்ஹவுஸ் குப்பத்துக்கு நாங்கள் குடி வந்ததைப் பழைய வாசகர்கள் அறிவார்கள். முன்னால் கடல், பின்னால் பழவேற்காடு ஏரி. பார்க்க அழகுதான். ஆனால் உப்புக்காற்றுக்கு இரும்பு என்றால் உயிர். ஆறே வருஷத்தில் மாடிக் கூரையின் போல்ட்டுகளை எல்லாம் தின்று தீர்த்துவிட்டது.

புதுக் கூரை போட பொன்னேரியிலிருந்து ஸ்டீபன் என்ற கான்ட்ராக்டரைப் பிடித்தோம். நாற்பது வயதிருக்கும். லேசாகக் காலை இழுத்து நடப்பார். மூன்று ஆட்களைக் கூட்டி வந்தார். நான்காவது ஆளை உள்ளூரிலேயே எடுத்துக்கொண்டார். அவர் பெயர் கன்னியப்பன். ஐம்பது தாண்டியவர், நல்ல உயரம், ஒல்லி. கடல் காற்றுக்குப் பறக்காதபடி ஷீட் மாட்டுவதற்கு இந்தப் பக்கத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது. ஸ்டீபனிடம் அவருக்கு அன்றுதான் முதல் நாள்.

வந்ததும் ஸ்டீபன் பையிலிருந்து சுத்தியலை எடுப்பார் என்று பார்த்தால், பேப்பரை எடுத்தார்.

“மேடம், இன்ஷூரன்ஸ் வந்தாதான் என் ஆளுங்க ஏணில கால் வைப்பாங்க. அரை மணி நேர வேலை. ஏஜென்ட்டுக்கு போன்லயே அனுப்பிடுவேன்.”

“ரெண்டு நாள் வேலைக்கு இன்ஷூரன்ஸா?” என்றேன். எனக்கு இன்ஷூரன்ஸ் என்றால் பெரிய ஃபேக்டரி, புகைபோக்கி, சங்கு... இவைதான் ஞாபகத்துக்கு வரும். என் மொட்டை மாடிக்கு எதற்கு?

“விழறதுக்கு ரெண்டு செகண்டு போதும் மேடம்” என்றார். “வேலைல அடிபட்டா வேலை குடுத்தவன்தான் பாத்துக்கணும்னு சட்டமே இருக்குது. பெரிய கம்பெனியா, என்ன மாதிரி சின்ன கான்ட்ராக்டரான்னு அது பாக்காது. அதுக்கு ஒரு பாலிசி. அதுகூட விபத்துக்குன்னு தனியா ஒண்ணு எடுப்பேன். அதுக்குதான் நாமினி பேரு வேணும்.”

மூன்று பேர் மளமளவென்று மனைவி பெயரைச் சொன்னார்கள். கன்னியப்பன் மட்டும் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, உங்க நாமினி?”

“எனக்கு யாரும் இல்லப்பா. கண்ணாலம் கட்டல. அத்த வுட்டுட்டு மத்தத எழுது.”

“வுட முடியாதுண்ணே.”

“அப்ப உம்பேரயே போட்டுக்கோ.”

ஸ்டீபன் சிரித்துவிட்டார். “நான் உங்களுக்கு வேலை குடுக்குறவன். என் பேரப் போட்டா, நீங்க விழுந்தா எனக்கு லாபம்னு ஆயிடும்ணே!”

கன்னியப்பன் சுற்றிலும் பார்த்தார். பார்வை என் மேல் வந்து நின்றது. “அப்ப இந்தம்மா பேரு போடு. நல்லா டீ போடுறாங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வீட்டுக் கூரையிலிருந்து ஒருவர் விழுந்து, அதற்கான பணம் எனக்கே வருவதா? போலீஸ் என்னைத்தானே முதலில் தேடி வரும்! வேண்டவே வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது.

மணி ஒன்பதரை. எனக்குப் பொறுமை போய்விட்டது. ஸ்டீபனைத் தனியாகக் கூப்பிட்டு, “இவர் மட்டும் இன்ஷூரன்ஸ் இல்லாம ஏறட்டுமே... யாருக்குத் தெரியப்போகுது?” என்றேன்.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொன்னேன்.

ஸ்டீபன் கோபப்படவில்லை. தன் இழுக்கும் காலைத் தட்டிக் காட்டினார். பிறகு, “இருபத்தி மூணு வயசுல ஒரு குடோன் ஷீட்லேருந்து நான் விழுந்தேன் மேடம். இடுப்பும் காலும் போச்சு. ஆஸ்பத்திரிக்கு எங்கம்மா மேஸ்திரியக் கூட்டினு வந்தாங்க. அந்த ஆளு என்னப் பாத்துட்டு, ‘இவன் யாருன்னே எனக்குத் தெரியாது’ன்னு சொல்லிட்டாரு. எட்டு மாசமா அவருகிட்ட வேலை பாத்தேன். எந்தப் பேப்பர்லயும் என் பேரு இல்ல. நான் இன்னா பண்ண முடியும்?” என்றார்.

மூன்றாவது டீ போட உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது கன்னியப்பன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, “முனுசாமின்னு எழுது” என்றார்.

“யாருண்ணே அது?”

“எங்கண்ணன். பசியாவரத்துல இருக்குது.”

“அவரு பொறந்த தேதி?”

“எனக்கு இன்னா தெரியும்? பேசி பதினோரு வருசம் ஆவுது.”

டீ குடித்தபடி கதையைச் சொன்னார். பசியாவரம் ஏரிக்குள் இருக்கும் தீவு. அந்தப் பக்கத்தில் ஏரியில் மீன் பிடிப்பதற்கு முறை உண்டு. இன்ன நாள், இன்ன இடம், இன்னாருக்கு என்று ஊரே கூடிப் பிரித்துக் கொடுக்கும். பாடு என்பார்கள். ஒரு தடவை, இன்னொருவர் பாட்டில் அண்ணன் முனுசாமி வலை போட்டுவிட்டார். ஊர்க் கூட்டத்தில் அவர் இல்லவே இல்லை என்று சாதிக்க, வலை போட்டபோது கூட இருந்த தம்பியை எழுப்பிக் கேட்டார்கள். தம்பி உண்மையைச் சொல்லிவிட்டார்.

“ஊரே பாக்க அண்ணனுக்கு அபராதம். ‘கூடப் பொறந்தவனே காட்டிக் குடுத்துட்டான்’னு சொல்லுச்சு. நான் அன்னிக்கே கிளம்பி இந்தாண்ட வந்துட்டேன். வலைய வுட்டேன், ஷீட்டப் புடிச்சேன்.”

யார் பக்கம் நியாயம்? நீங்களே சொல்லுங்கள். எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

முனுசாமி அந்த நேரத்துக்கு பழவேற்காட்டுப் படகுத்துறைக்கு இறால் விற்க வருவார் என்று வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் சொன்னார். என் ஸ்கூட்டரை எடுத்தேன். பின்னால் கன்னியப்பன். இருபதடி உயரத்தில் ஒற்றைப் பைப்பின் மேல் நடக்கிற மனிதர், வழி நெடுக “மெதுவாம்மா... மெதுவா...” என்று சீட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

படகுத்துறையில் ஒரே சத்தம். ஏலம், ஐஸ் பெட்டி, காக்கா, நாய். கன்னியப்பன் தூரத்திலேயே நின்றுவிட்டார். கையை மட்டும் நீட்டினார். “தோ, நீலக் கைலி.”

வேறு வழி? நான்தான் போனேன். இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர் முன் நின்று, “உங்க பிறந்த தேதி வேணும்” என்றேன். உலகத்திலேயே மிக மோசமான முதல் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

“இன்னாத்துக்கு? யாரும்மா நீ?”

சொன்னேன். உங்கள் தம்பி, இன்ஷூரன்ஸ், நாமினி. “அதாவது... அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களுக்குப் பணம் வரும்.”

முனுசாமியின் கை அப்படியே நின்றது. தலையைத் தூக்கினார். எனக்குப் பின்னால், ஐஸ் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த தம்பியைப் பார்த்துவிட்டார்.

“ஏதாவது ஆச்சுன்னாவா? டேய்! இன்னாடா ஆவும் ஒனக்கு? எந்த மோட்டு மேலடா ஏறப்போற?”

துறையே திரும்பிப் பார்த்தது.

கன்னியப்பன் மெதுவாக வந்தார். “ஒண்ணும் ஆவாது. சும்மா பேப்பருக்கு.”

“ஒன்னோட செத்த துட்டு எனக்கு வேணாம்.”

“செத்தாதான துட்டு? நான் சாவறதுக்கா ஏறப்போறேன்? தேதிய மட்டும் குடு.”

“என் பேர எதுக்குக் குடுத்த? ஊர்ல வேற ஆளே கிடைக்கலியா ஒனக்கு?”

“இல்ல” என்றார் கன்னியப்பன்.

அந்த ஒரு வார்த்தைதான். முனுசாமி இறால் நீர் வழிந்த கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்தார். தேதி அவருக்கும் தெரியாதாம்! வீட்டுக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“என் ஆதார் கார்ட எடுத்து பொறந்த தேதியப் படி.”

மறுமுனையில் அவர் மனைவி. “இன்னாத்துக்குயா?”

“கன்னியப்பன் கேக்குறான்.”

பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. பிறகு, “பக்கத்துல இருக்குதா? சாப்ட்டுச்சான்னு கேளு. தேதி கிடக்குது” என்றது குரல்.

கன்னியப்பன் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் எதையோ தேடுவது போலக் கைப்பைக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

தேதி கிடைத்தது. கார்டின் படமும் வந்தது. எல்லாவற்றையும் ஸ்டீபனுக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தார். கன்னியப்பனின் வயது, முகவரி எல்லாம் அவர் வாய்ப்பேச்சாகச் சொன்னதுதானே, சரியாக இருக்குமா என்று ஸ்டீபனுக்கு ஒரு சந்தேகம்.

முனுசாமி என் கையிலிருந்து போனை வாங்கினார். “தம்பி, அவன் சொன்னத நம்பி எழுதிக்கோ. அவன் பொய் சொல்ல மாட்டான். எனக்கு நல்லாத் தெரியும்.”

சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் மறுபடி இறாலுக்குக் குனிந்துவிட்டார். இதைவிடப் பெரிய மன்னிப்பை என் காதால் கேட்டதில்லை. அதில் மன்னிப்பு என்ற வார்த்தைதான் இல்லை.

மதியம் ஒன்றரை மணிக்கு பாலிசி வந்தது. ஸ்டீபன் அதைப் போனில் நான்கு பேருக்கும் காட்டினார். கன்னியப்பன் தன் பெயர் இருந்த வரியை விரலால் பெரிதாக்கி, நிதானமாக எழுத்துக்கூட்டிப் படித்தார். கீழே அண்ணன் பெயரையும். பிறகு பாதுகாப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

மறுநாள் காலை இன்னொரு வேடிக்கை. முனுசாமி வந்து நிற்கிறார்! கையில் ஒரு தூக்குவாளி. அண்ணி கொடுத்தனுப்பிய இறால் தொக்கு. கொடுத்துவிட்டுப் போவார் என்று பார்த்தால், வேப்ப மரத்தடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டே இருந்தார்.

“டேய், அந்த ஓரம் வழுக்குது பாரு.”

“தெரியும்.”

“பெல்ட்டு மாட்டுனியா?”

“மாட்டிகினுதான் இருக்கேன்.”

“இன்னும் ஒரு தடவ பாரு.”

“நீ போய் உன் இறாலப் பாரு!”

இப்படியே மாலை வரை. பதினோரு வருஷப் பாக்கியை ஒரே நாளில் பேசித் தீர்த்தார்கள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பேசியதெல்லாம் வழுக்கலும் பெல்ட்டும்தான். ஆனால் இறங்கியதும் இருவரும் ஒரே தட்டில் தொக்கைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். அடுத்த ஞாயிறு பசியாவரத்துக்கு வரச் சொல்லி அண்ணி உத்தரவாம். கன்னியப்பன் “பாக்கலாம்” என்றார். முகத்தைப் பார்த்தால், சனிக்கிழமையே கிளம்பிவிடுவார் போலிருந்தது.

வியாழக்கிழமை மதியம் வேலை முடிந்தது. யாரும் விழவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. ஸ்டீபன் எடுத்த பாலிசிக்கு வேலையே இல்லாமல் போயிற்று. “இப்பிடி வீணாப் போறதுக்குத்தான் மேடம் நான் பணம் கட்டுறேன்” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

வெள்ளிக்கிழமை சொன்னபடி மழை வந்தது. கொட்டித் தீர்த்தது. நானும் கணவரும் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. புது ஷீட்டில் மழை விழும் சத்தத்தில் அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. அதுவும் ஒரு சுகம்தான்.

அப்போது யோசித்துப் பார்த்தேன். இந்த ஆறு வருஷத்தில் இந்த மாடிக்கு எத்தனை பேர் ஏறியிருப்பார்கள்? பெயின்ட் அடித்தவர், கேபிள் இழுத்தவர், தென்னை மட்டை வெட்டியவர்... ஒருவர் பெயராவது எனக்குத் தெரியுமா? யாராவது விழுந்திருந்தால், ‘இவர் யாரென்றே தெரியாது’ என்று நானும்தானே சொல்லியிருப்பேன்? அந்த மேஸ்திரி சொன்னது பொய். நான் சொன்னால் அது உண்மையாக இருந்திருக்கும். எது மோசம்?

அடுத்த வேலைக்கு பாலிசி கேட்காமல் யாரையும் ஏற்றுவதில்லை என்று தீர்மானம் போட்டிருக்கிறேன். அதற்கு முதல் படியாக, ஞாயிற்றுக்கிழமை எங்கள் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வந்தவரிடம், அவர் ஏணியில் கால் வைப்பதற்கு முன்பே மரியாதையாகக் கேட்டேன்: “உங்க பேர் என்ன?”

மனிதர் வெலவெலத்துப் போய்விட்டார்.

“ஏன் மேடம்... போன தடவை ஏதாவது ஒடச்சிட்டேனா?”