முறுக்கு டின்னில் போன எண்ணெய்

அந்தக் காரை நான் இன்றைக்கும் திட்டுவேன். பாண்டிச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது விற்றுவிட்டுப் போன சொகுசுக் கார் அது. வாங்கியவர் நெய்வேலியில் மண்வேலை எடுத்திருந்த ஒரு கான்ட்ராக்டர். அதற்கு ஸ்பிரிங் பட்டையே கிடையாது. சக்கரத்துக்கு ஒன்றாகத் தேங்காய் அளவில் இரும்புக் குண்டு. அதற்குள் பாதி காற்று, பாதி எண்ணெய். நிறுத்தினால் தரையோடு படுத்துவிடும். ஸ்டார்ட் செய்தால் மாடு எழுந்திருப்பதுபோல முதலில் பின்பக்கம், அப்புறம் முன்பக்கம் என்று எழுந்து நிற்கும். அதை வேடிக்கை பார்க்கவே ஆள் கூடும்.

ஓட்டியவன் என் தங்கையின் புருஷன், பக்கத்து வடக்குத்து ஊர்க்காரன். கல்யாணத்துக்கு முன்பே எனக்குச் சிநேகிதன். நான் சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஹைட்ராலிக் வேலை பார்க்கும் பர்மனென்ட் ஃபிட்டர். அவனுக்கோ கான்ட்ராக்டரிடம் ஸ்டீரிங் பிடிக்கிற வேலை, இன்று உண்டு நாளை இல்லை. "தை பொறக்கட்டும், ஒன்ன சுரங்கத்து டிரைவர் வேலைக்கு நானே சொல்லிச் சேத்து உடறேன்" என்று கான்ட்ராக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். பர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். குவார்ட்டர்ஸ் என்றால் வீட்டுக்குள்ளேயே குழாய்.

என் தங்கைக்கு அந்தக் குழாய் மேல் அப்படி ஓர் ஆசை. எங்கள் பிளாக் குவார்ட்டர்ஸுக்கு வந்தால் என் மனைவியை நகரச் சொல்லிவிட்டுக் குழாயடியில் உட்கார்ந்துவிடுவாள். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். என் வேலைச் சட்டையையும் விடமாட்டாள். "எண்ணெ வாடை எப்பிடி தொவச்சாலும் போவ மாட்டேங்குதுண்ணா" என்று மூக்கைச் சுளித்துக்கொண்டே கல்லில் அடித்துத் தப்புவாள். வரும்போதெல்லாம் ஒரு பால்பவுடர் டின்னில் முறுக்கு கொண்டுவருவாள். அந்த டின்னுக்கு அவளே கம்பி வளைத்துக் கைப்பிடி போட்டிருந்தாள்.

ஐப்பசியில் ஒருநாள் மாப்பிள்ளை ஒர்க்‌ஷாப் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். கார் எழ நேரமாகிறதாம். போய்ப் பார்த்தேன். ஒரு குழாய் இணைப்பில் கசிவு. எண்ணெய் பாதிக்கு இறங்கியிருந்தது. இணைப்பை முடுக்கிவிட்டேன். ஆனால் குறைந்த எண்ணெய்க்கு எங்கே போவது? அது தனி ஜாதி. சிவப்பாக, விளக்கெண்ணெய் வாடையோடு இருக்கும்.

"பாண்டிச்சேரியிலயே இல்லியாம் மச்சான். கப்பல்ல வந்தாத்தான் உண்டாம். மொதலாளி நாளைக்கு ராத்திரி மெட்ராஸ் போவணும்னு நிக்கிறாரு."

"அடப் போடா! வூடு வூடா இருக்கிற மெஷினையே தூக்குற எண்ணெ எங்கிட்ட இருக்கு. இந்தத் தவக்களையத் தூக்காதா?"

"வேற எண்ணெ ஊத்தலாமா மச்சான்?"

"ஃபிட்டர் நானா, நீயா?" என்று எகிறினேன். எனக்கு வாய் நீளம். அப்போது கர்வமும் சேர்ந்திருந்தது.

சுரங்கத்து எண்ணெயில் ஒரு சொட்டு வெளியே போவது தெரிந்தாலும் வேலை போய்விடும். மறுநாள் காலை ஷிப்ட் முடிந்ததும், சாப்பாட்டுப் பையில் காலியாகக் கிடந்த முறுக்கு டின்னில் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டினேன். மாப்பிள்ளை கையில் கொடுத்தேன். ஊற்றினான். கார் ஜம்மென்று எழுந்தது. "பாத்தியாடா?" என்று அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். அந்தக் கையை வெட்டிப் போட வேண்டும்.

மூன்று வாரம் ஓடியது. அப்புறம் பின்பக்கம் எழவில்லை. ஹைட்ராலிக் தெரிந்த ஆள் என்று கான்ட்ராக்டர் என்னையே கூப்பிட்டனுப்பினார். வார லீவு அன்று காலையில் அவர் ஷெட்டுக்குப் போனேன். ஓரமாக மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தான்.

வேறு ஏதாவது கோளாறாக இருக்கட்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டேதான் தொட்டேன். தொட்டியில் எண்ணெய் மட்டம் பார்த்தேன், சரியாக இருந்தது. வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தேன், அடைப்பு இல்லை. என்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்தேன். சக்கரக் குண்டுகள் போக முன்னால் தனியாக ஒரு பெரிய குண்டு உண்டு, பம்ப் எண்ணெயை அழுத்தி அதில் சேர்க்கும். சேர்ந்ததும் டிக் என்று ஒரு சத்தம் வரும். அது விடாமல் டிக் டிக் என்று அடித்தால் குண்டு போச்சு என்று சொல்லிவிடலாம். குண்டு பழசாகிப் போவது யார் குற்றமும் இல்லையே! அது நிதானமாகத்தான் அடித்தது. முன் மூலையைக் கையால் அமுக்கினேன். மெத்தை மாதிரி இறங்கி ஏறியது. சக்கரக் குண்டுகளும் நன்றாக இருந்தன.

மிச்சம் ஒன்றுதான். காரின் உயரம் பார்த்து எண்ணெயை விடும் வால்வு பின்னால் இருக்கும். படுத்துக்கொண்டே அதன் கம்பியை அசைத்தேன், இறுகிக் கிடந்தது. வால்வைக் கழற்றினேன். உள்ளே இருந்த ரப்பர் வளையம் ஊறவைத்த மொச்சைக்கொட்டைபோல ஊதிப்போயிருந்தது. அது விளக்கெண்ணெய்க்குப் பழகின ரப்பர். நான் கொடுத்தது மண்ணிலிருந்து எடுக்கிற எண்ணெய். வளையத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காருக்கடியிலிருந்து வெளியே வந்தேன்.

"என்னப்பா கோளாறு?" என்றார் கான்ட்ராக்டர்.

"எண்ணெ மாறிப்போச்சுங்க. ரப்பர் பூரா கெட்டுப்போச்சு. இனிமே இது எழுந்திருக்காதுங்க."

அவர் மாப்பிள்ளையிடம் திரும்பினார். "யார்றா ஊத்துனது?"

"நான்தாங்க."

"எங்கருந்து வாங்குன?"

"பண்ருட்டியில ஒரு கடையிலங்க."

என் பக்கம் அவன் திரும்பக்கூட இல்லை. கான்ட்ராக்டர் என்னைப் பார்த்தார். அப்போது சொல்லியிருக்கலாம். சும்மாவாவது நின்றிருக்கலாம். பாவி, என் வாய் திறந்தது. "கடைக்காரன் எதக் குடுத்தானோங்க... கேட்டு ஊத்தியிருக்கலாம்" என்றேன்.

அன்றைக்கே அவனை நிறுத்திவிட்டார். சுரங்கத்து வேலைக்குச் சொல்கிற பேச்சும் அதோடு போயிற்று. ஷெட்டுக்கு வெளியே அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"வுடு மச்சான். நீ ஒன் பேரச் சொல்லியிருந்தா ஒன் வேலயும் போயிருக்கும், என் வேலயும் போயிருக்கும். எனக்கு எங்க போனாலும் ஸ்டீரிங் கெடைக்கும்" என்றான். காரில் இருந்த தன் துணிமணி, தட்டுமுட்டை எல்லாம் சாக்கில் அள்ளிக்கொண்டு நடந்தான். பண்ருட்டியில் முந்திரி மூட்டை ஏற்றும் லாரியில் சேர்ந்தான். திருவதிகையில் ஒரு கூரை வீட்டுக்குக் குடிபோனார்கள். தண்ணீருக்குத் தெருமுனைக் கிணறு.

தை பிறந்தது. அண்ணன்காரன் பொங்கல் சீர் கொண்டுபோகாமல் இருக்க முடியுமா? கரும்பு, மஞ்சள்கொத்து, பச்சரிசி, வெல்லம், புடவை என்று போன வருஷத்தைவிடக் கூடுதலாகவே சுமந்துகொண்டு போனேன். தங்கை எல்லாவற்றையும் இரண்டு கையால் வாங்கிச் சாமி படத்தின் முன்னால் வைத்தாள். சோறு போட்டாள். மாப்பிள்ளை வழக்கம்போல, "மச்சானுக்குத் தொப்ப போட்டுகிச்சு, பர்மனென்ட் தொப்ப" என்று கேலி செய்துவிட்டு வெற்றிலை வாங்கப் போனான்.

அவன் தலை மறைந்ததும் அவள் உள்ளே போய் அந்த முறுக்கு டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இத எடுத்துகினு போயிடுண்ணா. கார்லருந்து வந்த சாக்குல இருந்திச்சு. சாம்பலு போட்டுத் தேச்சேன், சீயக்கா போட்டுத் தேச்சேன், வாடை போவல. ஒன் சட்டயில எத்தினி வருசம் தொவச்ச வாடைண்ணா இது. எனக்குத் தெரியாதா?"

நான் டின்னைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"அவரு இன்னிவரைக்கும் கடையில வாங்குனதுன்னுதான் சொல்லிகினு இருக்காரு. நானும் கேக்கல. நீயா வந்து சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எச்சில் இலையை எடுத்தாள். மாப்பிள்ளை திரும்பி வந்தபோது டின் என் பைக்குள் இருந்தது.

பஸ்ஸுக்கு என்னைக் கொண்டுவிட அவனும் கூடவே நடந்தான். பை கனமாக இருக்கும், தான் தூக்குகிறேன் என்றான். நான் கொடுக்கவில்லை. பஸ் தூரத்தில் தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மச்சான், ஒண்ணே ஒண்ணு. அந்த எண்ணெ விசயம் ஒன் தங்கச்சிக்கு எப்பவும் தெரிய வாணாம். அவ ஒன்ன சாமி மாதிரி நெனச்சிகினு இருக்கா. அது அப்பிடியே இருந்துட்டுப் போவட்டும்."

"சரி மாப்ள" என்று சொல்லிவிட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினேன்.