உப்புக் கிடங்கு வாசலில் ஒரு தூக்கம்

எழுபதுகளின் தொடக்கத்தில், திருவொற்றியூரில் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த ஒரு ஒடுக்கமான தெருவில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. தெருவில் பாதிப் பேர் ஒரே தொழிற்சாலைக்காரர்கள். எனக்கு அங்கே தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் வேலை. இரண்டு வாரம் பகல் ஷிப்ட், இரண்டு வாரம் இரவு ஷிப்ட் என்று மாறி மாறி வரும். இரவு ஷிப்ட் வாரங்களில், காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதியதும் வெளியே வந்து, குளித்து, பழைய சோற்றைக் குடித்துவிட்டு எட்டரைக்குப் படுத்தால், மூன்று மணி வரை நான் இந்த உலகத்து ஆளே இல்லை.

என் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு உப்புக் கிடங்கு இருந்தது. எண்ணூர்ப் பக்கத்து உப்பளங்களிலிருந்து வரும் மூட்டைகளை அடுக்கக் கட்டியது. சொந்தக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனதிலிருந்து பூட்டியே கிடந்தது. அந்த ஜூன் மாதம், ராயபுரத்திலிருந்து ஒரு டீச்சர் பஸ்ஸில் வந்து இறங்கினார். முப்பது வயது இருக்கும். கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. சொந்தக்காரரிடம் பேசிச் சாவியை வாங்கி, கிடங்கைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார். சுவர் முழுக்க உப்பு ஊறிக் கிடந்ததால் சுண்ணாம்பு பத்து நாளில் உரிந்து விழுந்தது. பிள்ளைகள் பாடம் படிக்கிற நேரம் போக மீதி நேரம் சுவரை நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் அதற்கு முன்னால் பள்ளிக்கூடமே கிடையாது. இருந்த ஒன்று நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் போகிற லாரிகள் இடைவெளி விடாமல் ஓடும் சாலை அது. பெரிய பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளை யாரும் அனுப்புவதில்லை. என் மகளுக்கும் ஐந்து வயது முடிந்திருந்தது. மனைவி கேட்கும்போதெல்லாம் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து கிடங்குக் கதவில் நகராட்சி ஒரு நோட்டீஸ் ஒட்டியது. பதிவேட்டில் அந்தக் கட்டடம் சரக்குக் கிடங்கு. வரைபடத்தில் எங்கள் தெருவே தொழிற்பகுதி. அங்கே பள்ளிக்கூடம் நடத்த வேண்டுமானால் தனியாக அனுமதி வாங்க வேண்டும், அக்கம்பக்கத்தில் யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்று அதில் போட்டிருந்தது.

எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

நான் ஏதோ படிப்புக்கு விரோதி என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு முந்தின மாதம், என் பக்கத்து மெஷினில் நின்றவர் விடியற்காலையில் ஒரு கணம் கண் அசந்ததில் இரண்டு விரல் போய்விட்டது. அதற்கு முந்தின பகல் வீட்டில் விருந்தாளிகள் வந்திருந்ததால் அவர் தூங்கவில்லையாம். அன்றிலிருந்து எங்கள் எல்லோருக்கும் தூக்கம் என்றால் ஒரு பயம் கலந்த மரியாதை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நான் வீட்டில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எதிர்ப் பக்கத்திலிருந்து நாற்பது பிள்ளைகள் சேர்ந்து வாய்ப்பாடு கத்தினார்கள். தகரக் கூரை வேறு. காது கிழிந்தது. இதற்கு நடுவில் மனுஷன் எப்படித் தூங்குவது, நாளைக்கு என் விரல் போனால் யார் பதில் சொல்வது என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது.

பக்கத்து வீட்டு நண்பனுக்கு முத்து முத்தான கையெழுத்து. அவனும் என் ஷிப்ட்தான். அவனை உட்காரவைத்து மனு எழுதவைத்தேன். இரவு ஷிப்ட்காரர்கள் பதினோரு பேரிடம் கையெழுத்து வாங்கினேன். வீட்டில் மனைவியிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன். அவள் ஒன்றுமே சொல்லாமல் மாவரைக்கப் போய்விட்டாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றால் காரியம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

டீச்சர் ஒரு நாள் சாயங்காலம் என்னைப் பார்க்க வந்தார். சண்டை போடவில்லை. மணி அடிப்பதை நிறுத்திவிடுவதாகச் சொன்னார். அனுமதி கிடைக்காவிட்டால் கிடங்கைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான், சாலைக்கு இந்தப் பக்கம் வேறு இடமே அகப்படவில்லை என்றார். ராயபுரத்தில் இருந்த வேலையையும் இதற்காக விட்டுவிட்டு வந்தவர் அவர். நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, விசாரணைக்கு அதிகாரி வருவார், அங்கே பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினேன். நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

விசாரணை நாளும் வந்தது. காலை ஒன்பதரைக்கு அதிகாரி நேரில் வருவார், மனுக் கொடுத்தவர்கள் இடத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மனு செல்லாது. அந்த வாரம் எங்களுக்கு இரவு ஷிப்ட். ஏழு மணிக்கு வெளியே வந்ததும் மற்றவர்கள் எங்களை நம்பித் தூங்கப் போய்விட்டார்கள். நானும், நண்பனும், பாய்லர் பக்கம் வேலை செய்யும் இன்னொருவரும் மட்டும் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மனுவின் நகலோடு கிடங்கு வாசலில் போய் நின்றோம். எங்களைப் பார்த்ததும் டீச்சர் உள்ளேயிருந்து ஒரு நீள பெஞ்சைக் கொண்டுவந்து, கிடங்குக்கு இருந்த ஒரே ஜன்னலின் கீழே போட்டார். மூன்று கண்ணாடி டம்ளரில் டீயும் வந்தது. எதிராளி கொடுக்கிற டீயைக் குடிக்கலாமா என்று நண்பன் என்னைப் பார்த்தான். நான் குடித்தேன். நல்ல டீ.

ஒன்பதரை ஆனது. பத்து ஆனது. ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி ஒன்று நகராமல் நிற்கிறது, அதிகாரியின் ஜீப் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். கடல் காற்று லேசாக வீசியது. முதலில் நண்பனின் தலை என் தோளில் சாய்ந்தது. அவனை நிமிர்த்திவிட்டுத் திரும்பினால், பாய்லர்காரர் வாயைப் பிளந்துகொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். நான் ஒருவனாவது முழித்திருக்க வேண்டும் என்று தொடையைக் கிள்ளிக்கொண்டேன். உள்ளே பிள்ளைகள் இரண்டாம் வாய்ப்பாடு தொடங்கியது நினைவிருக்கிறது. எட்டு ரெண்டு பதினாறு வரை கேட்டேன் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததை மனைவியும் டீச்சரும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அதில் புதிதாக ஏதாவது சேரும்.

பதினொரு மணிக்கு அதிகாரி வந்திருக்கிறார். உள்ளே நாற்பது பிள்ளைகள் உச்சக் குரலில் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருக்கிறார்கள். வெளியே, அதே ஜன்னலுக்குக் கீழே, சத்தம் தாங்கவில்லை என்று மனுக் கொடுத்த மூன்று பேரும் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறோம். என் மடியில் மனு. அதிகாரி கனைத்துப் பார்த்தார். கூட வந்த பியூன் என் காதருகே குனிந்து கூப்பிட்டுப் பார்த்தார். தோளைத் தட்டினார். நான் கையை மடக்கித் தலைக்கு வைத்துக்கொண்டு இன்னும் வசதியாகத் திரும்பிக்கொண்டேனாம்.

அப்போது மனைவி எதிரே எங்கள் வீட்டிலிருந்து இறங்கி வந்திருக்கிறாள். "அது எய்ந்துக்காது சார். முந்தாநேத்து தெரு முனையில லாரி டயர் வெடிச்சுது. தெருவே ஓடியாந்துச்சு, இது மட்டும் பொரண்டு படுத்துகிச்சு."

அதிகாரி, டீச்சரிடமாவது சில கேள்விகள் கேட்கலாம் என்று, பிள்ளைகளை ஒரு நிமிடம் அமைதியாக இருக்கச் சொன்னார். டீச்சர் கையைத் தூக்கினார். வாய்ப்பாடு பாதியில் நின்றது.

இங்கே எங்கள் பிழைப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஷெட்டில் இருந்த மெஷின்கள் எல்லாம் மேலே ஓடும் ஒரு பெரிய பெல்ட்டில்தான் சுற்றின. அந்த இரைச்சலில் நின்றுகொண்டே கண் அசந்தவர்கள் உண்டு. ஆனால் எப்போதாவது பெல்ட் அறுந்தால் இரைச்சல் சட்டென்று அடங்கிவிடும். அந்த அமைதியில் எப்பேர்ப்பட்டவனுக்கும் தூக்கிவாரிப்போடும். எங்களைச் சத்தம் எழுப்பாது. சத்தம் நின்றால்தான் முழிப்பு வரும். இது என் உடம்புக்குத் தெரிந்திருந்தது. மனு எழுதிய என் மண்டைக்குத் தெரியவில்லை.

வாய்ப்பாடு நின்றதுதான் தாமதம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பதறி எழுந்து நின்றோம். மனு கீழே விழுந்தது. எதிரே நிற்பது யார் என்றுகூடப் பார்க்காமல் நான் கத்தினேன்: "இன்னாடா, பெல்ட்டு அந்துபோச்சா?"

முதலில் பியூன் சிரித்தார். ஜன்னலில் முண்டியடித்துக்கொண்டு பார்த்த பிள்ளைகள் சிரித்தார்கள். அதிகாரி கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டார். அந்தக் கூட்டத்துக்கு நடுவிலிருந்து, கையில் சிலேட்டோடு ஒரு சின்ன உருவம் வாசலுக்கு வந்தது. என் மகள்.

"நைனா, நான் சொல்லிக் குடுத்துகினு இருந்தேன். நீ எய்ந்துட்டே."

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை முன்னால் நின்று வாய்ப்பாட்டைச் சொல்லும், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அந்த இரண்டு வாரமாக முன்னால் நின்று சொன்னது என் மகள். எட்டரைக்கு நான் கண்ணை மூடியதும் அவளுக்குச் சட்டை மாற்றி எதிரே கொண்டுபோய் விட்டுவிட்டு, நான் எழுவதற்குள் கூட்டிவந்துவிட்டிருக்கிறாள் மனைவி. அன்று மட்டும் நான் குளித்துக்கொண்டிருந்தபோதே கொண்டுபோய் விட்டிருக்கிறாள். எத்தனை பகல், என் மகளுடைய குரலுக்குப் பத்தடி தூரத்தில், நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வானத்தில் மேகம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் மகளைத் தூக்கிக்கொண்டேன். அதிகாரி கீழே கிடந்த மனுவை எடுத்து, தூசி தட்டி, என்னிடம் நீட்டினார். "நீங்களே இதை வாபஸ் வாங்கிக்கிறீங்களா, இல்ல நான் பாத்ததைப் பாத்தபடி எழுதட்டுமா?"

வாபஸ் வாங்கினேன். அதோடு விடவில்லை. பள்ளிக்கூடம் வேண்டும் என்று அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து புது மனு எழுதினோம். அதே முத்துக் கையெழுத்து. இந்த முறை மனைவி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரி ஒரு நிபந்தனை வைத்தார். மூட்டை அடுக்குகிற இடத்துக்கு ஒரு ஜன்னல் போதும், பிள்ளைகள் இருக்கிற இடத்துக்குப் போதாது. நான்கு ஜன்னலும் இன்னொரு வாசலும் வைத்தால் அனுமதிக்குப் பரிந்துரை செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் தெருவில் வெல்டர், பிட்டர், கொத்தனார் எல்லோரும் இருந்தார்கள். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்சேபத்தில் கையெழுத்துப் போட்ட பதினோரு பேரும் நானும் சம்மட்டியோடு வந்து சுவரை உடைத்தோம். ஞாயிற்றுக்கிழமையாவது தூங்கலாம் என்று படுத்திருந்த பகல் ஷிப்ட்காரர்கள், இந்தச் சத்தத்தைப் பற்றி நகராட்சிக்கு எழுதப்போவதாக எங்களை மிரட்டினார்கள். டீச்சர் அவர்களுக்கும் டீ கொடுத்தார். பொங்கலுக்கு முன்னால் அனுமதி உத்தரவு வந்துவிட்டது. அன்று டீச்சர் குடையை எங்கேயோ வைத்துவிட்டு, பிள்ளைகளோடு பிள்ளையாகக் கைதட்டிக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

டீச்சர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கடைசி வரை அந்தப் பள்ளிக்கூடத்தில் மணி கிடையாது. தொழிற்சாலைச் சங்குதான் அவர்களுக்கும் மணி. எனக்கோ ஷெட்டில் 'பெல்ட்டு' என்று பெயர் நிலைத்துவிட்டது. ரிட்டயர் ஆன அன்று மாலை போட்டவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். முதல் கோடை விடுமுறை வந்தபோதுதான் வேடிக்கை. எதிரே ஒரு சத்தமும் இல்லை. இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுத்த எனக்குப் பத்து மணிக்கெல்லாம் திடுக்கென்று முழிப்பு வந்தது. வெளியே வந்து பார்த்தால், நண்பனும் அவன் வீட்டு வாசலில் சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தான். "பள்ளிக்கூடம் எப்ப மாமு தொறக்கறாங்க?" என்றான்.

இப்போது எனக்கு ஷிப்டும் இல்லை, சங்கும் இல்லை. ஆனாலும் எந்தத் தெருவில் நடந்தாலும், பிள்ளைகள் சேர்ந்து கத்திப் படிக்கிற சத்தம் காதில் விழுந்தால், மெஷின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது என்று மனசு அமைதியாகிவிடுகிறது. அந்தச் சத்தம் நின்றால்தான் நாம் பதறி எழ வேண்டும் என்று அந்த பெஞ்சில் தெரிந்துகொண்டது இன்றைக்கும் மறக்கவில்லை.