வெப்ப அலை என்று ஓர் அறிவிப்பு

அலுவலகத்தில் அவளை ‘அகராதி’ என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டிலும் அதே பெயர்தான். ஆனால் அண்ணன் வாயில் வரும்போது திமிர் பிடித்தவள் என்ற பொருளும் அதில் சேர்ந்துகொள்ளும். நகராட்சியில் அவள் மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலத்தில் வரும் வானிலை எச்சரிக்கைகளைத் தமிழில் எழுதிக் கொடுப்பாள். ஒலிபெருக்கி கட்டிய வண்டி அதைத் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போகும்.

அண்ணனுக்கு மொட்டை மாடிகளில் மழைநீர் ஒழுகாமலிருக்கத் தார் ஷீட் ஒட்டுகிற வேலை. தலைக்கு மேல் வெயில், கையில் ஷீட்டை உருக்கும் நெருப்பு. கல்யாணம் வேண்டாம் என்றிருந்த தங்கையை, தானும் அண்ணியும் இருந்த வீட்டிலேயே வைத்துக்கொண்டவர்.

அந்தக் கோடையில் ஒரு காலை, வண்டி அவர்கள் தெருவுக்குள் வந்தது. “அதீத வெப்ப அலை நிலவக்கூடும் என்பதால், பொதுமக்கள் நேரடி வெளிப்பாட்டினைத் தவிர்த்திடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனுக்குச் சிரிப்பில் புரையேறியது. “அலை கடல்லதானே வரும்? நான் மாடியில இருக்கேன், தப்பிச்சுக்குவேன்.”

“விளையாடாதீங்கண்ணா. மத்தியானம் மேல ஏறாதீங்க.”

“வெயில் எந்த வருஷம் அடிக்கல? வெயிலுக்குப் பயந்து இறங்கிட்டேன்னா, சேலை கட்டிட்டு வாடான்னுவாரு மேஸ்திரி.”

இந்த வருஷத்து வெயில் வேறு என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்ல வேறு வார்த்தைதான் கிடைக்கவில்லை. அண்ணன் கிளம்பிப் போய்விட்டார்.

மதியத்துக்கு மேல் மாடியில் அவர் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்திருக்கிறார். கால் தள்ளாடியிருக்கிறது. கூட இருந்தவர்கள் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் படுக்க வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். சாயங்காலம் எழுப்பப் போனபோது உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

துக்கத்துக்கு வந்த மேஸ்திரி வாசலிலேயே நின்றார். “உளறினாரும்மா. குடிச்சிருக்காரு, தூங்கினா தெளிஞ்சிரும்னு நெனச்சுட்டோம்.”

“எங்கண்ணன் குடிக்கவே மாட்டாரே.”

“தெரியும்மா. இருந்தாலும் அப்ப அப்படித்தான் தோணுச்சு.”

வேலைக்குத் திரும்பிய அன்று அவள் புதிதாக எழுதினாள். ‘வெயிலில் வேலை செய்கிறவர் உளறினால் குடித்திருக்கிறார் என்று நினைக்காதீர்கள். தூங்க விடாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். தலை சுற்றினால் உட்காருங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.’

அதிகாரி படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். “இது அரசாங்க அறிவிப்பு மாதிரியே இல்லையேம்மா. வெப்ப அலைங்கற வார்த்தையே காணோமே?”

“அந்த வார்த்தையக் கேட்டுட்டுத்தான் எங்கண்ணன் மாடி ஏறினாரு சார்.”

அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் வண்டி வந்தபோது அண்ணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. கடைசி வரைக்கும் கேட்டாள். “இத முன்னாடியே இப்படிச் சொல்லியிருக்கலாமே,” என்றாள். குரலில் கோபம் இல்லை. அன்றிலிருந்து வண்டிச் சத்தம் கேட்டால் அண்ணி தெருப்பக்க ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

கோடை முடியும் தறுவாயில் மேஸ்திரி அலுவலகத்துக்கே தேடி வந்தார். அவர் ஆள் ஒருவன் மாடியில் உளறினானாம். தண்ணீரை ஊற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். பிழைத்துக்கொண்டானாம். சொல்லும்போது அவர் கண் கலங்கியது.

அன்று சாயங்காலம் வீட்டில், சாத்திய ஜன்னலடியில் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். “என்ன, இன்னைக்கு லேட்டு?”

“வேலை இருந்துச்சு அண்ணி,” என்று மட்டும் சொல்லிவிட்டு, அவளும் உட்கார்ந்து ஒரு துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.