ஞேலேயின் கறுப்பு ஈறு

ஞேலே என் சக்களத்தி. அவளைப் புகழ எனக்கு ஒரு காரணமும் கிடையாது. ஆனாலும் அந்தப் பல் டாக்டர் பகாரி ஜாரா செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் ஊர் செகூவின் ஆற்றுத்துறையில் காராமணி வடை சுட்டு விற்கிறவள் அவள். வடைக்கு இல்லை, அவள் சிரிப்புக்குத்தான் கூட்டம் என்று படகுக்காரர்கள் சொல்வார்கள். வாயைத் திறந்தால் ஈறு கன்னங்கரேலென்று இருக்கும், பல் வெள்ளை வெளேரென்று மின்னும். வயசுக்கு வந்த புதிதில், எங்கள் பக்கத்து வழக்கப்படி அழகுக்காக ஊசிக்கட்டால் குத்திக் கரி தேய்த்த ஈறு. மோவாயில் ரத்தம் வழிய, சுற்றி நின்ற பெண்கள் கைதட்டிப் பாட, பொட்டுக் கண்ணீர் விடாமல் உட்கார்ந்திருந்தாளாம். நான் பாதியிலேயே எழுந்து ஓடியவள். என் ஈறு இன்றும் பாதிதான் கறுப்பு. அதைச் சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷமாக என்னை வறுத்தெடுத்தாள்.

போன மழைக்காலத்தில் எலும்பைக் கடித்து அவள் முன்பல் ஒன்று முறிந்தது. ஈறோடு ஒட்ட முறிந்ததால் உறை மாட்டப் பிடிமானம் இல்லை, அந்த ஒரு பல்லைச் சுற்றி மட்டும் ஈறைக் கொஞ்சம் வெட்டி ஏற்ற வேண்டும் என்றான் பகாரி. சரியென்று தலையாட்டினாள். நானும் கூடப் போயிருந்தேன்.

இவள் தராவ்ரே, அவன் ஜாரா. இரண்டு குலத்துக்கும் கேலிமுறை. கண்ட இடத்தில் காராமணி தின்னி, அடிமை என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்ளலாம்; மரியாதை கொடுத்துப் பேசுவது அந்நியரிடம்தான். யாரும் கோபிக்கக் கூடாது, அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு யாரும் ஒரு காரியமும் செய்யக் கூடாது. நாற்காலியில் சாய்ந்ததுமே இவள் ஆரம்பித்துவிட்டாள். காராமணி தின்னி, கையைக் கழுவினாயா என்றாள். அடிமைக்கு இவ்வளவு வாயா என்றான் அவன். அப்புறம், முன்வரிசை முழுக்க ஈறைச் சீவினால் பல்லெல்லாம் பட்டணத்துப் பெண்களுக்கு இருப்பதுபோல நீளமாகத் தெரியும், சும்மாவே செய்து தருகிறேன் என்றான்.

"இது உன் எஜமானி வாயிடா. வேணும்னா உள்ள ஒரு அரண்மனையே கட்டிக்கோ" என்றாள்.

அது கேலி என்று மரக்கட்டைக்குக்கூடத் தெரியும். பிறகு மரத்துப்போக ஊசி போட்டான். என்னை வெளியே உட்காரச் சொன்னான்.

புண் ஆறிக் கண்ணாடியைப் பார்த்தாள். பல்லை ஒட்டியிருந்த கறுப்பு முழுக்கப் போய், முன்வரிசை நெடுக வெட்டிய இறைச்சி நிறத்தில் ஒரு பட்டை. ஈறு குத்தின அன்றைக்கு அழாதவள் அடுப்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அதன் பிறகு துணியால் வாயை மூடிக்கொண்டுதான் வடை விற்றாள். என்னைக் கேலி செய்வதையும் விட்டுவிட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கையைப் பிடித்து அவனிடம் இழுத்துப் போனேன். வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். அவன் அசையவில்லை.

"கட்டிக்கோன்னு அவங்களேதானே சொன்னாங்க? அந்தக் கறுப்பெல்லாம் இப்ப யாரு வெச்சுக்கறா?"

மறுபடி குத்திக்கொள்ளலாமா என்று கேட்டேன். வெட்டின ஈறில் இனி ஊசி படவே கூடாது என்றான். படுபாவி! என் கை மேஜைமேல் இருந்த கிண்ணத்துக்குப் போனது. ஞேலேதான் பிடித்துக்கொண்டாள்.

சமாளிக்கப் பார்த்து இளித்தான் அவன்.

"என்ன அடிமை, இன்னிக்கு வாயடைச்சுப் போச்சா?"

காராமணி தின்னி என்று ஒரு வார்த்தை வரும், எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருந்தான். நானும்தான் காத்திருந்தேன்.

ஞேலே வாயிலிருந்த துணியை எடுத்தாள். "நான் வர்றேங்க, டாக்டர் ஐயா" என்றாள்.

அவன் முகம் செத்துப்போயிற்று. வாசல்வரை பின்னாலேயே வந்தான்.

"அக்கா, திட்டுங்க. ஒரே ஒரு தடவை திட்டிட்டுப் போங்க."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வீட்ல எல்லாரும் சுகந்தானேங்க ஐயா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் படியிறங்கினாள்.