பாசஞ்சர் இன்ஜின் பிரியாணிக் கடைக்கு வந்த கதை

ஆம்பூரில் இன்பராஜைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவருடைய முதுகுவலியைத் தெரியாதவர்கள் கிடையாது. சர்ச்சில் உட்கார்ந்திருந்தாலும் சரி, பஸ்ஸுக்கு நின்றாலும் சரி, வலது கையை இடுப்புக்கு முட்டுக் கொடுத்தபடிதான் இருப்பார். என்ன ஆச்சு என்று யாராவது கேட்டால், வியாதியின் பெயரைச் சொல்ல மாட்டார். ஒரு நம்பரைச் சொல்வார்: "சிக்ஸ் ஃபோர் செவன்."

அது ஒரு மின்சார இன்ஜின். ஷூ கம்பெனிப் பெண்களையும் டேனரி ஆட்களையும் அடைத்துக்கொண்டு காட்பாடிக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே ஓடிய பாசஞ்சரை இழுத்தது. ஒரு டிரைவருக்கு ஒரே இன்ஜின் என்ற காலமெல்லாம் எப்போதோ மலையேறிவிட்டது. ஆனாலும் வாரத்தில் நாலு நாள் டிரைவர் இன்பராஜ் தலையில் அதுதான் வந்து விழும். அதன் டிரைவர் சீட்டில் ஒரு கம்பி துருத்திக்கொண்டு இருந்தது.

ஓட்டம் முடிந்ததும் இன்ஜினில் கண்ட குறையை ரிப்பேர் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும், அது விதி. இன்பராஜ் விதிக்குக் கட்டுப்பட்ட மனிதர். 'டிரைவர் சீட் கிழிந்து கம்பி குத்துகிறது' என்று எழுதுவார். மறுநாள் இன்ஜின்களைப் பழுதுபார்க்கும் ஷெட்டிலிருந்து அதற்குக் கீழே பதில் வந்திருக்கும்: 'சோதிக்கப்பட்டது. குறை இல்லை.' அதற்கும் கீழே டிரைவர் கையெழுத்துப் போட்டால்தான் வண்டியை எடுக்க முடியும். வண்டி லேட்டானால் ஐந்நூறு பெண்களுக்கு அரை நாள் சம்பளம் போய்விடும். இன்பராஜ் கையெழுத்துப் போடுவார். இப்படிப் பதினோரு வருஷம்.

கடைசியில் அவர் மனைவி அன்னம்மாள், ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தவர், கழித்துப்போட்ட தோலை வாங்கிவந்து சீட்டுக்குக் கனமாக ஓர் உறை தைத்துக் கொடுத்தார். அதோடு கம்பி குத்துவது நின்றது. முதுகு அதற்கு முன்பே போயிருந்தது.

அந்த இன்ஜின் தொலைந்தால் போதும் என்றுதானே இப்படிப்பட்ட ஆள் நினைக்க வேண்டும்? இன்பராஜ் அப்படி நினைக்கவில்லை. அவர் ஓய்வுபெற்றார், பாசஞ்சருக்குப் பதில் தனி இன்ஜின் தேவைப்படாத மெமு ரயில் வந்தது, சிக்ஸ் ஃபோர் செவனை ஏலத்தில் ஓர் இரும்பு வியாபாரி எடுத்துவிட்டான், அறுக்கப்போகிறான் என்று சேதி வந்தது. இரண்டு வேளை அவர் சாப்பிடவில்லை.

"உங்க முதுக ஒடச்ச சனியனுக்கா பட்டினி கெடக்குறீங்க?" என்றார் அன்னம்மாள்.

"அது இன்னா பண்ணும் பாவம். ஷெட்டுக்காரன் பண்ணது."

ஸ்டேஷன் எதிரே பிரியாணிக் கடை வைத்திருந்த தன்சீல் அகமது அப்போது ஹைவேயில் பெரிய கடை ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். அவர் கடையில் உட்கார்ந்து இன்பராஜ் இந்த ரிப்பேர் புத்தகக் கதையை நூறு தடவையாவது சொல்லியிருப்பார். தன்சீலும் நூறு தடவை சிரித்திருப்பார். அந்த உரிமையில் இன்பராஜ் போய்க் கேட்டார்.

"பாய், கடை வாசல்ல இன்ஜின் நின்னா எப்படி இருக்கும்? நம்ம ஊர் ஜனங்கள இழுத்த வண்டி. அத மட்டும் அறுக்க விடாதீங்க."

தன்சீல் ஹைவேயில் போகிற கார்களை நினைத்துப் பார்த்தார். சரி என்றார்.

ஒரு மாதம் கழித்து டிரெய்லர் லாரியில் இன்ஜின் வந்து இறங்கியது. புதுப் பெயிண்ட், நெற்றியில் முழம் உயரத்துக்கு நம்பர். இன்பராஜ் முதுகுவலியை மறந்து ஏறினார். சீட்டில் அன்னம்மாள் தைத்த உறை இல்லை. யாராவது கழற்றியிருக்கலாம். ஆனால் டிரைவர் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே சாப்பாட்டுப் பையை மாட்ட அவரே ஒரு கொக்கி வைத்திருந்தார். அதற்காகத் தகட்டில் இரண்டு ஓட்டை போட்டது விதிப்படி தப்பு, அவர் வாழ்க்கையில் செய்த ஒரே தப்பு. கொக்கியைக் கழற்றியிருப்பார்கள், சரி. ஓட்டையை எப்படிக் கழற்றுவது? தகடு வழவழவென்று இருந்தது.

இரும்பு வியாபாரிக்கு ஃபோன் போட்டார்.

"அத ரம்ஜானுக்கு முன்னாடியே அறுத்தாச்சு சார்," என்றான் அவன், ஒளிவுமறைவு இல்லாமல். "நீங்க நம்பர் கேட்டீங்க. நம்பர் போட்டுக் குடுத்துட்டோம்ல?"

இன்பராஜ் படியில் உட்கார்ந்து அழுதார். தூரத்தில் நின்ற தன்சீல் அதைப் பார்த்து ஃபோட்டோ எடுத்துவைத்துக்கொண்டார். அதுதான் பிறகு திறப்பு விழா நோட்டீஸில் வந்தது.

திறப்பு விழாவுக்கு இன்பராஜுக்குப் புது யூனிஃபார்ம் தைத்திருந்தார்கள். மதியமும் சாயங்காலமும் இன்ஜினில் உட்கார்ந்து ஹாரன் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பழைய ஷூ கம்பெனிப் பெண்கள் பிள்ளைகளோடு வந்து இன்ஜினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஹாரன் அடித்ததும் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்தச் சத்தம் கேட்டுத்தான் டிபன் பாக்ஸோட ஓடியாருவேன்." ஹாரன் லாரியில் மாட்டுவது. போன வாரம்தான் வாங்கியது.

இன்பராஜ் தன்சீலைத் தனியே அழைத்தார். "பாய், மனசு கேக்கல. இது நம்ம வண்டி இல்ல."

தன்சீல் கூட்டத்தைக் காட்டினார். "இல்லன்னு உங்களுக்கு மட்டும்தான் சார் தெரியும். நம்ம வண்டின்னு ஊருக்கே தெரியும். போய்ச் சொல்றீங்களா?"

அந்தப் பெண்களை ஒருமுறை பார்த்துவிட்டு, இன்பராஜ் ஏறிப் போய் உட்கார்ந்தார். சீட்டைச் சும்மா சொல்லக் கூடாது. கார் சீட்டுக்குப் போடுகிற மெத்தை, முதுகைத் தாங்கிப் பிடித்தது. முப்பது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு சீட்டில் அவர் உட்கார்ந்ததில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

கல்லாவிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை வாங்கி, தேதி போட்டு எழுதினார்: 'இன்ஜின் எண் தவறு. இது 647 அல்ல.' அதைச் சீட்டின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். எழுதியபிறகு மனசு கொஞ்சம் லேசானது. விதியை முடித்தாயிற்று, இனி பாய் பாடு.

மறுநாள் மதியம் வந்தபோது நோட்டு அதே இடத்தில் இருந்தது. அவர் எழுதியதற்குக் கீழே தன்சீலின் கோணல் கையெழுத்தில் பதில்: 'சோதிக்கப்பட்டது. குறை இல்லை.'

கீழே பிள்ளைகள் ஹாரனுக்காகக் காத்திருந்தார்கள். இன்பராஜ் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, அதற்கும் கீழே கையெழுத்துப் போட்டார்.